‘ஒண்ணுமில்லீங்க டாக்டர்!’

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், இதய நோய்ப் பிரிவின் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இருப்பார். ஈரோடு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் இருப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அம்மா ஒருவர் இருப்பார். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். டாக்டர் கேட்பார்: “எப்படி இருக்கீங்க?”

மூன்று பேரிடமிருந்தும் வருகிற பதில் ஒன்றுதான். “ஒண்ணுமில்லீங்க டாக்டர். நல்லாத்தானுங்க இருக்கறேன்.”

கொங்கு நாட்டு மரியாதை அப்படி. பெரிய டாக்டர். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அவரிடம் போய் மூட்டு, முதுகு, மூச்சு என்று புலம்பிக்கொண்டிருக்கலாமா? டாக்டரும் நிம்மதியாகப் பழைய மாத்திரைகளையே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தோப்புக்காரர் தோப்பைச் சுற்றி வருவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. அது அந்தப் பதிலில் இல்லை. மண்டிக்காரர் மருதமலைக்குப் படியேறிப் போவதை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறார். அதுவும் இல்லை. அப்படியானால் பொய் சொன்னார்களா? கிடையாது. நடந்தால்தானே நெஞ்சு வலிக்கும்? நடப்பதையே விட்டாயிற்று. வலி இல்லை. நிஜமாகவே ‘ஒண்ணுமில்லீங்க’தான்!

இந்த ஒற்றைக் கேள்விக்கு உருப்படியான ஒரு பதிலை வாங்குவதற்காக மருத்துவ உலகம் இருநூற்றைம்பது வருஷமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

*

லண்டன். 1768-ம் வருடம், ஜூலை 21. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்கிற மருத்துவர் சபையில் வில்லியம் ஹெபர்டன் என்ற டாக்டர் எழுந்து ஒரு கட்டுரை வாசித்தார். தன்னிடம் வந்த சிலருக்கு ஒரு விநோதமான உபாதை இருக்கிறது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடக்கும்போது, நெஞ்சை ஏதோ பிடித்து நெரிக்கிற மாதிரி இருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் நீடித்தால் உயிரே போய்விடும் போலிருக்கிறதாம். ஆனால் நின்றுவிட்டால் போதும், உடனே சரியாகிவிடுகிறது. இதற்கு அவர் ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயர் வைத்தார். நெஞ்சை நெரிப்பது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தை கவனியுங்கள். அன்றைக்கு ஸ்டெதாஸ்கோப் கிடையாது. ஈ.சி.ஜி. கிடையாது. எக்ஸ்ரே கிடையாது. ஹெபர்டனிடம் இருந்தது இரண்டு காதுகள்தான். நோயாளிகள் சொன்னதை வரி விடாமல் கேட்டு, எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். இன்றுவரை மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தரும் ஆஞ்சைனா, ஏறக்குறைய அவர் எழுதி வைத்ததேதான்.

1772-ல் கட்டுரை அச்சில் வந்தது. அதைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்த ஒருவர் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். பெயர் போடவில்லை. ‘நீங்கள் எழுதியிருப்பது என் கதை’ என்பது கடிதத்தின் சாரம். தனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சில வருஷங்களாகவே இது இருக்கிறது என்று ஆரம்பித்து, வலி எங்கே தொடங்கும், கையில் எதுவரை போகும், எப்போது நிற்கும் என்று எல்லாவற்றையும் விவரித்திருந்தார். உடம்பின் இயக்கம் மொத்தமும் சில விநாடிகள் நின்றுவிட்டு மறுபடி தொடங்குவது போல ஒரு உணர்வு வருவதையும் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள். ‘நான் திடீரென்று செத்துப்போனால் என் உடம்பை அறுத்துப் பாருங்கள். மற்றவர்களுக்குப் பிரயோஜனப்படட்டும்.’

மூன்று வாரம்கூட ஆகவில்லை. மனிதர் இறந்துவிட்டார். அவர் கேட்டபடியே உடம்பை அறுத்துப் பார்த்தவர் ஜான் ஹன்டர். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற சர்ஜன். கூட நின்றவர் அவருடைய சிஷ்யர் எட்வர்ட் ஜென்னர். ஆமாம், பின்னால் அம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்தாரே, அதே ஜென்னர்தான். இருவருக்கும் மரணத்தின் காரணம் பிடிபடவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் பார்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கத்திக்குக் கிடைக்காத நோய், கடிதத்தில் தெளிவாக இருந்தது.

விதியைப் பாருங்கள். அதே ஹன்டருக்கு அடுத்த வருஷமே நெஞ்சுவலி வந்தது. இருபது வருஷம் அதோடு வாழ்ந்தார். தன்னைக் கோபப்படுத்தத் தெரிந்த எந்தப் போக்கிரியிடமும் தன் உயிர் சிக்கியிருக்கிறது என்று சொல்வாராம். சொன்னபடியே ஆயிற்று. 1793 அக்டோபரில் ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. வெளியே வந்தவர் விழுந்து இறந்தார்.

*

அதன்பிறகு கருவிகளின் காலம். 1816-ல் பாரிஸில் லெனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்தோவன் ஈ.சி.ஜி.யைக் கொடுத்தார். கூடவே எக்ஸ்ரே, எக்கோ, ஆஞ்சியோகிராம். எல்லாமே அற்புதங்கள். கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியவை. ஆனால் கூடவே ஒன்று நடந்தது. நோயாளி பேசுவதற்கு மதிப்பு குறைந்துபோனது. படம் இருக்கும்போது பேச்சு எதற்கு?

பேச்சை முழுதாக விட்டுவிடவும் முடியவில்லை. 1928-ல் நியூயார்க் ஹார்ட் அசோசியேஷன் ஒரு வழி சொன்னது. இதய நோயாளிகளை நான்கு வகுப்பாகப் பிரியுங்கள். வழக்கமான வேலைகளில் எந்தத் தொந்தரவும் இல்லையா, முதல் வகுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நான்காம் வகுப்பு. நடுவில் இரண்டு வகுப்புகள். சுலபமான ஏற்பாடு. இன்றைக்கும் கோவை ஆஸ்பத்திரி ஃபைல்களில் அதைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். எந்த வகுப்பு என்று மார்க் போடுகிறவர் டாக்டர். நம் தோப்புக்காரர் ‘ஒண்ணுமில்லீங்க’ என்று சொன்னதும் முதல் வகுப்பில் பாஸ்!

1962-ல் ஜெஃப்ரி ரோஸ் வந்தார். லண்டனில் பொதுச் சுகாதாரத்துறை நிபுணர். அவருடைய தேவையே வேறு. ஆயிரக்கணக்கான பேரைச் சோதித்து யாருக்கெல்லாம் ஆஞ்சைனா இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரு ஹெபர்டனை எங்கே தேடுவது? அதனால் ஹெபர்டன் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையே வரிசைப்படுத்தி அச்சடித்துவிட்டார். நெஞ்சில் வலியோ சங்கடமோ உண்டா? மேட்டில் ஏறினால் வருகிறதா, வேகமாக நடந்தால் வருகிறதா? வந்தால் என்ன செய்வீர்கள்? நின்றால் போய்விடுகிறதா? பத்து நிமிடத்துக்குள்ளா, அதற்கு மேலா? கடைசியில் ஒரு சாமர்த்தியமான கேள்வி: எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இந்தக் கேள்வித்தாள் உலகம் சுற்றியது. இந்தியாவுக்கும் வந்தது. யார் கேட்டாலும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. டாக்டரின் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. நோயாளியின் வார்த்தை முதல்முறையாக ஒரு அளவுகோல் ஆனது.

ஆனால் வார்த்தை என்றால் மொழி உண்டே! 2001-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளியினரிடமும் வெள்ளைக்காரர்களிடமும் ரோஸின் கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். இரண்டு தரப்பிலும் அவை ஒரே மாதிரி வேலை செய்யவில்லை.

ஏன் என்பது நமக்குத் தெரியாதா? தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘செஸ்ட்’ என்பதற்கு நெஞ்சு என்பதா, மார்பு என்பதா? மார்பு என்று கேட்டால் எத்தனை பெண்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்கள்? நெஞ்சு என்றாலோ சிலருக்குத் தொண்டை வரை போகும், சிலருக்கு மனசு வரைக்கும் போகும். ‘வலிக்குதா?’ என்றால் ‘இல்லீங்க’ என்பார்கள். ‘நெஞ்சை அடைக்குதா, கரிக்குதா, பாரமா இருக்குதா?’ என்று கேட்டால் ‘ஆமாங்க, அது இருக்குதுங்க, வாயுன்னு நினைச்சேனுங்க’ என்பார்கள். வாயு என்று பெயர் வைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

*

நான் பி.காம். படித்தவன். அதனால் கடைத்தெரு உதாரணம்தான் எனக்கு வரும். ஈரோட்டில் ஒரு வியாபாரியிடம் ‘வியாபாரம் எப்படிங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏதோ ஓடுதுங்க’ என்பார். லாபம் கொட்டினாலும் அதே பதில், நஷ்டம் என்றாலும் அதே பதில். நிலவரம் தெரிய வேண்டுமானால் பேரேட்டைப் பிரிக்க வேண்டும். போன மாதம் என்ன, இந்த மாதம் என்ன என்று எண்ணாகப் பார்க்க வேண்டும்.

எண்பதுகளில் அமெரிக்க டாக்டர்கள் அந்தப் பேரேட்டை எழுத ஆரம்பித்தார்கள். ரோஸின் கேள்விகள் நோய் உண்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். நோயோடு வருஷக்கணக்கில் வாழ்கிறவர் போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறாரா, மோசமா? அதைச் சொல்லாது. மின்னசோட்டாவில் ரெக்டர், கோன் என்ற இருவர் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்காக 21 கேள்விகள் தயாரித்தார்கள். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது என்று நினைத்துவிடாதீர்கள். பம்பு பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் கால் வீக்கம், மூச்சு வாங்குவதோடு வேறு சில கேள்விகளும் இருந்தன. வைத்தியச் செலவு உங்களை பாதித்ததா? குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா? பிடித்த சாப்பாட்டைக் குறைக்க வேண்டியிருந்ததா? எந்த ஸ்கேனிலும் தெரியாத சமாசாரங்கள்.

அடுத்து வந்தவர் ஜான் ஸ்பெர்டஸ். 1995-ல் சியாட்டில் நகரத்திலிருந்து ஆஞ்சைனாவுக்காக 19 கேள்விகள் வெளியிட்டார். பெயர், சியாட்டில் கேள்வித்தாள். பிறகு கான்சாஸ் சிட்டிக்கு ஜாகை மாறினார். 2000-ல் ஹார்ட் ஃபெயிலியருக்காக 23 கேள்விகள். பெயர், கான்சாஸ் சிட்டி கேள்வித்தாள். 2015-ல் அதையே 12 கேள்விகளாகச் சுருக்கினார்கள்.

இதில் என்ன விசேஷம்? ‘வலிக்கிறதா’ என்பதோடு விடுவதில்லை. குளிக்க முடிகிறதா, சமதரையில் நடக்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, எத்தனை நாள் காலையில் கால் வீங்கியிருந்தது, உட்கார்ந்தபடியோ மூன்று தலையணை வைத்தோ எத்தனை ராத்திரி தூங்க வேண்டியிருந்தது என்று குடைந்து குடைந்து கேட்கும். நடப்பதை நிறுத்திவிட்ட தோப்புக்காரர் இங்கே தப்பிக்க முடியாது. வலி என்ற இடத்தில் நல்ல மார்க் வாங்குவார். வேலை என்ற இடத்தில் மாட்டிக்கொள்வார்.

பதில்களைக் கூட்டி, 0 முதல் 100 வரை ஒரு எண். 100 என்றால் பிரமாதம். கான்சாஸ் கணக்கில் 5 புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ கவனிக்க வேண்டிய மாற்றம். இந்த எண் குறைவாக உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேரும் அபாயமும் மரண அபாயமும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. 2020-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹார்ட் ஃபெயிலியர் மருந்துகளைச் சோதிக்க இதை ஓர் அளவுகோலாக ஏற்றுக்கொண்டது.

‘அனுபவமுள்ள டாக்டருக்கு இதெல்லாம் தேவையா? முகத்தைப் பார்த்தே சொல்லிவிட மாட்டாரா?’ என்று கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 25 இதய நோய் மருத்துவமனைகள், 1,257 நோயாளிகள். 2016-ல் முடிவு வெளியானது. முந்தைய மாதத்தில் தங்களுக்கு ஆஞ்சைனா வந்தது என்று கேள்வித்தாளில் குறித்தவர்களில் நூற்றுக்கு 42 பேரின் தொந்தரவை அவர்களுடைய டாக்டர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற அமெரிக்காவிலேயே இந்த கதி. ‘ஒண்ணுமில்லீங்க’ ஊரில் கேட்க வேண்டுமா?

*

சரி, இதனால் உங்கள் பாக்கெட்டுக்கு என்ன லாபம் நஷ்டம்? அங்கேதான் வருகிறேன்.

‘இஸ்கீமியா’ என்று ஒரு மாபெரும் ஆய்வு. 37 நாடுகள், 5,179 நோயாளிகள். இந்தியர்களும் கணிசமாக இருந்தார்கள். எல்லோருக்கும் இதய ரத்தக் குழாய் அடைப்பால் பாதிப்பு உண்டு, ஆனால் நிலைமை சீராக இருக்கிறது. பாதிப்பேருக்கு நல்ல மருந்து மட்டும். மீதிப்பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். 2019 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். சராசரியாக மூன்று வருஷத்துக்கு மேல் கவனித்ததில், மரணத்தையும் மாரடைப்பையும் தடுப்பதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? அவசரப்படாதீர்கள். சியாட்டில் கேள்வித்தாளையும் எல்லோரிடமும் கொடுத்திருந்தார்கள். தினமும் அல்லது வாரந்தோறும் நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களில், ஸ்டென்ட், பைபாஸ் தரப்பில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருஷத்தில் வலியே இல்லை. மருந்து மட்டும் எடுத்த தரப்பில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம். ஆரம்பத்திலேயே வலி இல்லாதவர்களுக்கோ, இந்தக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி லாபம் ஏதும் இல்லை.

புரிகிறதா? சீரான நிலையில் இருக்கிற பலருக்கு, ஸ்டென்ட் தருகிற முக்கியமான பலன் வலி நிவாரணம். வலி எவ்வளவு என்று தெரியாமல் பலனை எப்படிக் கணக்கிடுவது? சும்மா ‘ஒண்ணுமில்லீங்க’ என்று சொல்லி, உண்மையிலேயே பயன் தரக்கூடிய வைத்தியத்தை ஒருவர் இழக்கலாம். இன்னொருவர், அந்தப் பலன் தனக்கு எவ்வளவு என்று தெரியாமலே நகையை அடகு வைக்கலாம். இரண்டுமே நஷ்டக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் சீரான நிலையில் இருப்பவர்களுக்கு. திடீரென்று நெஞ்சை அடைத்து, வியர்த்துக் கொட்டினால் கேள்வித்தாளும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அவசர விஷயத்தில் கொங்கு மண் நாட்டுக்கே வழி காட்டியிருக்கிறது. கோவை மெடிக்கல் சென்டரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லாசாரியும் முன்னின்று, மாரடைப்பு நோயாளியைச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாமதமில்லாமல் கொண்டுபோகும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். கோவை, ஈரோடு வட்டாரத்தில் முன்னோட்டம். பிறகு 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களில் 2,420 நோயாளிகள். ஏற்பாட்டுக்கு முன்னால், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர். பின்னால் 14.2 ஆகக் குறைந்தது.

மகிழ்ச்சியான செய்தி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிழைத்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? வீட்டுக்கு. பாதிக்கப்பட்ட இதயத்தோடு, பை நிறைய மாத்திரையோடு. அவர்களுக்கு இனிமேல் ஆஸ்பத்திரி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்கப்படுவது அதே கேள்விதான்.

இதைத் தமிழில் ஒழுங்காகக் கேட்க முடியாதா என்றால், முடியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம், ‘வாழ்க்கைத் தரம்’ என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. இதய நோய்க்கு மட்டுமல்ல, பொதுவாக எல்லோருக்குமானது. இங்கிலீஷில் எழுதி மற்ற மொழிகளில் பெயர்ப்பதற்குப் பதிலாக, உலகம் முழுக்க 15 ஊர்களில் மக்களை உட்காரவைத்து, அவரவர் மொழியில் பேசவிட்டு, அதிலிருந்து கேள்விகளை எடுத்தார்கள். அந்த 15 ஊர்களில் ஒன்று நம் சென்னை. ஏறத்தாழ 1,800 கேள்விகள் சேர்ந்து, 100 ஆக வடிகட்டப்பட்டு, பிறகு 26 ஆகச் சுருங்கின. உலகம் முழுக்கப் புழங்கும் அந்தப் பட்டியலுக்கு விதை போட்டவர்களில் தமிழ் பேசியவர்களும் உண்டு.

இதயத்துக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும். கான்சாஸ் கேள்வியில் ‘ஒரு பிளாக் தூரம்’ நடக்க முடிகிறதா என்று வருகிறது. அன்னூர்க்காரருக்கு பிளாக் ஏது? ‘வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் நிக்காம போக முடியுதுங்களா?’ என்றால் புரியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் படித்துக் காட்டலாம். மகன் பக்கத்தில் நின்று பதில் சொல்லக் கூடாது. அப்புறம் அது மகனின் மார்க் ஆகிவிடும்! முழங்கால் வலியால் நடக்காதவரையும் இதயத்தால் நடக்காதவரையும் பிரித்துப் பார்க்க டாக்டரின் மூளை வேண்டும். அதை எந்தக் காகிதமும் செய்யாது.

உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு தாள் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த செக்கப்புக்கு முதல் நாள் ராத்திரி ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். போன மாதம் செய்த எந்த வேலையை இந்த மாதம் நிறுத்தினேன்? எவ்வளவு தூரம் நடந்தால் நிற்கத் தோன்றுகிறது? நெஞ்சை அடைத்தது வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை தலையணை? காலையில் செருப்பு இறுக்குகிறதா? ஐந்து வரி. தேதி போட்டு எழுதுங்கள். போன தடவை சீட்டையும் பத்திரமாக வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் இதயத்தின் வரவு செலவு தெரிந்துவிடும்.

1772-ல் பெயர் தெரியாத அந்த லண்டன்காரர் தன் நெஞ்சில் நடந்ததை ஒரு கடிதமாக எழுதினார். அதைப் படித்தவர்களிடம் அவருக்குக் கொடுக்க மருந்து இல்லை. இன்றைக்கு டாக்டரிடம் மருந்து இருக்கிறது. நீங்கள்தான் எழுத வேண்டும்.